முதல் பந்திக்கு ஒரு கேபிள்

"ஏதாவது ஒரு கேபிள் குடுங்க" என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் வருபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருந்துக் கடையில் போய் ஏதாவது ஒரு மாத்திரை கொடுங்கள் என்று யாராவது கேட்பார்களா? என்ன மெஷின், எவ்வளவு தூரம், எதைக் காட்டப் போகிறீர்கள், இதெல்லாம் தெரியாமல் நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். இதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் செபாஸ்தியம்மாள் கடையில் வாங்கிய கேபிள் பாதி விசேஷத்தில் காலை வாரிவிட்டது என்று ஒரே ஒருவர் சொல்லட்டும், அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிடுகிறேன்.

"ஊரே எச்.டி.எம்.ஐ.க்குப் போயிருச்சு. நீ இன்னும் அந்த நீலத் தலைக் கேபிளக் கட்டிக்கிட்டு அழுகுற" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் பஸ் கண்டக்டர். அவருக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியும், இது தெரியாது. நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கூரையில் தொங்கும் புரொஜெக்டர்களில் முக்கால்வாசி பழசு. அதற்கு விஜிஏ கேபிள்தான் போகும். நீலத் தலை, மூன்று வரிசைப் பின், இரண்டு பக்கமும் திருகு. புதுக் கேபிளில் படம் வந்தால் வரும், வராவிட்டால் திரை கருப்பாகிவிடும், விஷயம் முடிந்தது. விஜிஏ அப்படியில்லை. தூரம் கூடக் கூடப் படம் சோர்ந்துபோகும், ஆனாலும் வந்துகொண்டே இருக்கும். அதுதான் வருகிறதே என்று எல்லோரும் ஏமாந்துபோவார்கள்.

பெருமாள்சாமி அண்ணன் கடைக்கு வந்தது ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் பூ விவசாயம் செய்பவர். ஒரு மஞ்சள் பையிலிருந்து ஒல்லியான விஜிஏ கேபிள் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"மகளுக்குக் கல்யாணம்மா. மண்டபத்துல திரை போடுறோம். மச்சான் சடையாண்டி இத வாங்கியாந்தாரு. இது போதுமான்னு பாத்துச் சொல்லுங்க."

நான் அதை விரலால் நசுக்கிப் பார்த்தேன். "ஏண்ணே, இது கேபிளா, அரைஞாண் கயிறா?"

அவர் சிரிக்கவில்லை. "மாட்டிப் பாக்கலாமாம்மா?" என்றார்.

அந்தக் கேபிளைக் கடையில் இருந்த கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவே மாட்டினேன். திரையில் கொடைக்கானல் ஏரி வந்தது. எல்லாக் கடையிலும் காட்டுகிற அதே ஏரிதான். ஏரி, மலை, மேகம் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் திருப்தியாகப் போயிருப்பார்கள்.

"ஏரி வேணாம்மா. என் கையைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

மேசை மேல் இருந்த வெப்கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமிக்கு முன்னால் நிற்பதுபோல நின்று, வலது கையை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தார். அப்போதுதான் தெரிந்தது. திரையில் ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் வெளிறிப்போன இன்னொரு விரல் ஒட்டிக்கொண்டு நின்றது. ஏரியில் தெரியாத நிழல் கையில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒல்லிக் கேபிளின் லட்சணம் அது.

"இது நான் சொன்ன வார்த்தை இல்லம்மா. இதப் பாத்தா ஒருத்தருக்கும் வெளங்காது" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்ன வார்த்தைண்ணே?"

"பந்திக்கு வாங்கன்னு கூப்புடுறேன்."

"அத மைக்குல சொன்னாப் போதாதா?"

"காது கேக்காத பிள்ளைகம்மா. என் மக கீர்த்தனாவுக்கும் கேக்காது. கட்டிக்கப்போற முகேஷ்குமாருக்கும் கேக்காது. அவுக கூட்டாளிகல்லாம் மதுரை, திருச்சி, கோயம்புத்தூர்லருந்து வாராக."

நான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன். என் வாழ்க்கையில் வாடிக்கையாளருக்கு என் ஸ்டூலைக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிச்சயதார்த்தம் அன்றைக்கும் மகளுடைய சிநேகிதர்கள் வந்திருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று வாய் நிறைய "வாங்க, வாங்க" என்று சொல்வதுதானே நம் வழக்கம்? இவர்களிடம் வாயால் சொல்லி என்ன ஆகும்? மகள் கையால் பேசுவதை மனைவிதான் இவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவார், அன்றைக்கு அவர் மேடை வேலையில் மாட்டிக்கொண்டார். அதனால் அவர்களைக் கண்டதும் இவர் கூச்சப்பட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். பந்தி போட்டாயிற்று என்று மைக்கில் அறிவித்தார்கள். கேட்டவர்கள் எழுந்து போனார்கள். கேட்காதவர்கள் ஒரு மூலையில் நின்றுகொண்டே இருந்தார்கள். கூப்பிடாமல் போய் இலையில் உட்கார மானமுள்ளவன் எவனுக்கு மனசு வரும்? நேரம் ஆக ஆக ஒவ்வொருவராகக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள். அது மறுநாள்தான் கீர்த்தனாவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு என் சிநேகிதர்கள் ஒருவரையும் கூப்பிடப் போவதில்லை என்று போனில் எழுதிக் காட்டியிருக்கிறாள்.

"நான்தான், எல்லாரையும் கூப்புடு தாயி, மொதப் பந்தி அவுகளுக்குத்தான், நானே கூப்புடுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இன்னொருக்க அவுக வெறும் வயித்தோட திரும்பிப் போனா, என் மக என்னைய அப்பான்னே நெனைக்க மாட்டாம்மா."

"ஏண்ணே, சாப்புட வாங்கன்னு சைகை காட்ட எனக்கே தெரியுமே" என்று கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அப்படி நான் உங்களக் கூப்புட்டா நீங்க வருவீகளா? மரியாதையா இருக்குமா? அவுக பாஷைல, முழுசா, பேர் சொல்லிக் கூப்புடணும்மா. காது கேக்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குற தீபா டீச்சர்கிட்ட ரெண்டு மாசமா யாருக்கும் தெரியாமப் படிக்கிறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. குவித்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? அந்த அரைஞாண் கயிற்றை அவர் பைக்குள்ளேயே திணித்துவிட்டு, உள்ளே போய்ப் பெரிய சுருளை எடுத்து வந்தேன். நல்ல விஜிஏ கேபிள் கையில் பிடித்தாலே தெரியும். கட்டை விரல் கனம் இருக்கும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஒயர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலைப்பின்னல் உறை, எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு உறை. ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. இரண்டு முனையிலும் கருப்பு உருளை ஒன்று இருக்கும், அது வெளி இரைச்சலைத் தடுப்பதற்கு. முக்கியமான விஷயம், ஒரே நீளமாக இருக்க வேண்டும். பாதிக் கேபிளையும் பாதிக் கேபிளையும் ஜாயிண்ட் போட்டு ஒட்டுகிற வேலையே கூடாது. மாட்டிக் காட்டினேன். அவர் கையை உயர்த்தினார். ஐந்து விரலும் ஐந்தாகத் தெரிந்தன.

"மண்டபத்துக்கு நானே வாரேன். நானே மாட்டுறேன். வேற எவனும் தொடக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன்.

மண்டபம் வத்தலக்குண்டு ரோட்டில் இருந்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. மத்தியானமே போய்விட்டேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் வீடியோ எடுக்கும் இஷாக்கின் லேப்டாப். கேமராவில் எடுப்பது லேப்டாப்புக்கு வந்து, அங்கிருந்து என் கேபிள் வழியாகக் கூரையில் இருக்கும் புரொஜெக்டருக்குப் போய், மேடையை ஒட்டி இருக்கும் பெரிய திரையில் விழும். சீரியல் லைட் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் சுவரோரமாகத் தனியாக இழுத்து, இரண்டு பக்கத் திருகையும் இறுக்கினேன். இவ்வளவு நீளக் கேபிளுக்குப் படத்தை நுணுக்கமாக அனுப்பினால் தாங்காது என்று லேப்டாப்பில் அளவையும் ஒரு படி குறைத்து வைத்தேன். தீபா டீச்சர் கேமரா முன்னால் நின்று விரலாலேயே என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் காட்டினார். கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இஷாக்கிடம், "ஏலே, ஒருத்தரையும் கிட்ட விடாத" என்று சொல்லிவிட்டு, சேலை மாற்ற வீட்டுக்குப் போனேன்.

போயிருக்கக் கூடாது. ஆனால் பட்டுச் சேலை கட்டாமல் கல்யாணத்தில் நிற்கச் சொல்கிறீர்களா?

திரும்பி வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசைகளை வழக்கம்போலச் சொந்தக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். மகளின் சிநேகிதர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து சேர்ந்து பின் பாதி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் வாயால் பேசிய சத்தம் மண்டபத்தை இடித்தது. பின்னால் அதைவிட அதிகமாகப் பேச்சு நடந்தது, அத்தனையும் கையால். ஒருத்தி ஏதோ சொல்ல, ஒரு வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

பெருமாள்சாமி அண்ணன் மேடை ஏறினார். புது வேட்டி, புதுச் சட்டை. மாலையும் கழுத்துமாக நின்ற கீர்த்தனா அப்பாவைப் பார்த்தாள், உடனே திரும்பிக்கொண்டாள். இஷாக் கேமராவை அவர் மேல் திருப்பினான். நாதசுரத்தை நிறுத்தச் சொன்னார்கள். அவர் கும்பிட்டார். பிறகு கையை உயர்த்திப் பேசத் தொடங்கினார்.

நான் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் இன்னொரு விரல். கடையில் பார்த்ததைவிட மோசம். படமே மங்கி, கை முழுவதும் இரட்டையாகத் தெரிந்தது.

பின் வரிசைகளில் எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் உள்ளங்கையை விரித்து, என்ன என்று கேட்டார்கள். அவர்களும் உள்ளங்கையை விரித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் கடைசியாகக் கையைக் குவித்துச் சாப்பிடுவதைக் காட்டினார். அது மட்டும் யாருக்குப் புரிந்தது தெரியுமா? முன் வரிசைக்கு! "ஏ, பந்தி போட்டாச்சாம்டோய்!" என்று ஒரு குரல் வந்ததுதான் தாமதம், சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நடந்தது.

பெருமாள்சாமி அண்ணனின் மனைவி மகேஸ்வரி ஓடிப்போய்ச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "செத்த நேரம் பொறுங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், செத்த நேரம் உக்காருங்க."

"பசிக்குதுத்தா, பந்திய மறிச்சுக்கிட்டு நிக்கிறியே!" என்று கூட்டம் முணுமுணுத்தது.

மேடையில் நின்றவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடாதவர்கள் எழுந்து போகிறார்கள், கூப்பிட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தனக்குத்தான் பேசத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். இரண்டு மாசப் படிப்பு அப்படியே கீழே தொங்கியது. கீர்த்தனா மாலையின் பூவைப் பிய்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீச்சர், அவரு கை சரியாத்தான இருக்கு?" என்று தீபாவின் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"கை ரொம்பச் சரிங்கக்கா. முன்னாடி நின்னா நான் வரி வரியா வாசிப்பேன். திரைலதான் ஒண்ணும் வெளங்கல."

"மேடைக்குப் போயி அவர்கிட்ட சொல்லுங்க. கை சரிதான், எறங்கிறாதீங்கன்னு சொல்லுங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இஷாக்கிடம் பாய்ந்தேன். "யாருலே என் கேபிள்ல கை வச்சது?"

"நான் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே அவன் மேசைக்கு அடியில் பார்த்தான். எனக்கு அது போதும். மேசையில் விரித்திருந்த சாட்டின் துணியைத் தூக்கினேன். லேப்டாப்பிலிருந்து என் கேபிளைக் கழற்றி, ஒன்றை இரண்டாக்கும் ஒரு குட்டி ஜாயிண்டை நடுவில் சொருகியிருந்தார்கள். ஒரு காலில் என் கேபிள். இன்னொரு காலில் அந்த அரைஞாண் கயிறு! அது சுவரோரமாக ஓடிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்திருந்தது.

"மாமாதான் பந்தில வச்ச டிவிக்குப் போடச் சொன்னாரு" என்றான் இஷாக். "தாய்மாமன் சொன்னா நான் என்னக்கா செய்ய?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். அது சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் கம்பியில் வெறுமனே தொங்கியது. அவன் சொன்ன டிவியைக் காணோம். டிவி இருந்த இடத்தில் காபி மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் சந்தன நிறச் சட்டையில் மகேஸ்வரியின் அண்ணன் சடையாண்டி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இத எதுக்குப் போட்டீக?"

"பின்ன? சாப்புடுறவக பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க வேணாமா? நம்ம பக்கம் எல்லாக் கல்யாணத்துலயும் பந்தில டிவி இருக்குல்ல. பெருமாள்சாமிக்கு இதெல்லாம் தெரியாது. நான்தான டிவி எடுத்தாந்தேன். இந்தக் காபிப் பயலுக பிளக்கப் பிடுங்கி மெஷின மாட்டி, டிவியத் தூக்கி உள்ள வச்சுட்டாய்ங்க."

"இதக் கழட்டணும்."

"யார் நீ? தாய்மாமன் போட்டதக் கழட்டுவியோ?" அவர் குரல் உயர்ந்தது. காபி டம்ளரைத் தரையில் வைத்தார். "கழட்டு பாப்போம். நாளைக்குக் காலைல மாமன் மாலை விழாது."

நம் ஊரில் கல்யாணத்துக்கு முதல் நாள் தாய்மாமன் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் நின்ற மகேஸ்வரி, "அண்ணே!" என்று அழுகிற குரலில் கூப்பிட்டார். கையை மட்டும் இறக்கவில்லை.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது. ஆனால் கத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. சடையாண்டியின் கையைப் பிடித்தேன். "வாங்கண்ணே. கழட்டல. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், திரைக்கு எதிரே பின் வரிசையில் நிறுத்தினேன். மேடையில் தீபா டீச்சர் பேச்சைக் கேட்டுப் பெருமாள்சாமி அண்ணன் மறுபடியும் கையை உயர்த்தியிருந்தார்.

"ஒங்க மச்சான் எத்தன விரல் காட்டுறாரு?"

சடையாண்டி கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அஞ்சு... இல்ல, ஆறு?"

"மூணு விரல்ணே காட்டுறாரு."

அவர் மேடையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"ஒரு வாய்க்கால ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் மடைய அடச்சு வச்சா தண்ணி என்ன செய்யும்? எத்தித் திரும்பி வருமா வராதா? டிவி இல்லாம நீங்க விட்ட கேபிள்ல படம் போயி முட்டித் திரும்பி வருது. அதான் ஒவ்வொரு விரலும் ரெண்டாத் தெரியுது. இவுகள்லாம் விரலப் பாத்துத்தாண்ணே பேச்சு கேக்குறவக. ஒங்க மருமகளோட கூட்டாளிப் பிள்ளைக இன்னிக்கும் சாப்புடாமப் போகப்போகுது."

அவர் தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ஒரு பையன் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்து, வணக்கம் வைத்தான். அவன் மடியில் கல்யாணப் பரிசுப் பொட்டலம் ஒன்று இருந்தது. இன்னொருத்தி பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிஸ்கட்டத் திங்குதுக" என்றார் சடையாண்டி. "கல்யாணத்துக்கு வந்துட்டுப் பிஸ்கட்டத் திங்குதுக."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்து ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து ஜாயிண்டைப் பிடித்து இழுத்தார். திருகு போட்டிருந்தது, வரவில்லை. "எந்தப் பக்கம்த்தா திருகணும்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். இரண்டு பேரும் மண்டியிட்டுக் கழற்றினோம். திரை கருப்பாயிற்று. மண்டபமே ஓவென்றது. என் கேபிளை நேராக லேப்டாப்பில் வைத்து, ஒரு திருகை நானும் ஒரு திருகை அவரும் இறுக்கினோம். இஷாக் ஏதோ இரண்டு பட்டனை அமுக்கினான்.

படம் வந்தது. பூப்பறித்துக் காய்ப்புக் காய்த்த இரண்டு கைகள், நகக்கண்ணில் இருந்த கறை வரைக்கும் தெரிந்தன.

பெருமாள்சாமி அண்ணன் முதலிலிருந்து தொடங்கினார். தீபா டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நான் கீர்த்தனாவோட அப்பா. என் பேரு பெருமாள்சாமி. அன்னிக்கு நீங்க எங்க விசேஷத்துக்கு வந்தீங்க. நான் உங்களக் கூப்பிடல. எனக்கு உங்க பாஷை தெரியல, அதனால ஓடி ஒளிஞ்சுக்கிட்டேன். இப்ப கொஞ்சம் படிச்சிருக்கேன். தப்பு இருந்தாச் சிரிங்க. மொதப் பந்தி உங்களுக்குத்தான். நீங்க எந்திரிச்சாத்தான் நான் மேடையவிட்டு எறங்குவேன்."

பிறகு அவர் ஒவ்வொருவர் பெயராக விரலில் எழுதத் தொடங்கினார். மகளின் போனில் இருந்த சிநேகிதர்கள் பெயரை எல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறார், மனிதர்! நிஹால் என்ற பெயர் வந்ததும் ஒரு பையன் துள்ளி எழுந்தான். புவனேஸ்வரி என்றதும் பிஸ்கட் வைத்திருந்தவள் பாக்கெட்டை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு பெயருக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. மண்டபத்தின் பின் பாதி மொத்தமும் எழுந்தது. எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம். ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் காது அடைத்துப்போனது.

சொந்தக்காரர்கள் சாப்பாட்டு வாசலில் நின்றபடி திரும்பிப் பார்த்தார்கள். "என்னய்யா சொன்னாரு? என்ன சொன்னாரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சடையாண்டி அவர்களை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு போனார். "வழிய விடுங்கப்பா. மொதப் பந்தி பொண்ணு கூட்டாளிகளுக்கு. தாய்மாமன் சொல்றேன், நகருங்க."

மகேஸ்வரி கையை இறக்கினார். அந்தப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள்.

கீர்த்தனா மேடையில் நிற்கவில்லை. போட்டோவுக்கு நின்றிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, முகேஷ்குமாரையும் இழுத்துக்கொண்டு, சரிகைச் சேலை தடுக்கத் தடுக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். அங்கே அவள் அப்பா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக ஊற்றிக்கொண்டு போனார். ஒவ்வொருவரிடமும் ஒரு கையால் ஏதோ கேட்டார். அவர்கள் பதில் சொன்னார்கள். போதும், இன்னும் கொஞ்சம், நல்லா இருக்கு, இதெல்லாம் அவருக்குப் புரிந்தது.

பிஸ்கட் வைத்திருந்த அந்தப் புவனேஸ்வரி அவரை நிறுத்தி, நீளமாக ஏதோ சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. வழக்கம்போல மொழிபெயர்த்துச் சொல்ல மகேஸ்வரி பக்கத்தில் வந்தார். அவர் மனைவியைக் கையமர்த்தினார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கையால் கேட்டார். அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

"என்ன சொல்றா, டீச்சர்?" என்று கேட்டேன்.

தீபா என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"முருங்கைக்காய்ச் சாம்பார்தானேன்னு கேக்குறா. அன்னிக்கும் இதே வாசந்தான் மூலைல நின்ன எங்களுக்கு வந்துச்சு, என்னிக்காவது சாப்பிடணும்னு நெனச்சேன்னு சொல்றா."

பெருமாள்சாமி அண்ணன் வாளியைத் தூக்கி அவள் இலையில் ஊற்றினார். இன்னொரு கரண்டி ஊற்றினார், இன்னொன்றும் ஊற்றினார். சாம்பார் சோற்றை மீறி இலையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, இலை தெரிந்திருக்காது. பின்னால் வந்து நின்ற கீர்த்தனா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவர் திரும்பினார். அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்து, கையை உயர்த்தி, "அப்பா" என்றாள்.